யாமா இடித்த சுவர்

ஒகினாவாத் தீவின் வடக்குக் காட்டில், கடல் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், யாமா என்று ஒரு காட்டுப்பன்றி வீடு கட்டிக் குடியிருந்தான். நல்ல உழைப்பாளி. நல்ல கஞ்சன். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால், அவன் வீட்டு முற்றத்தில் ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"புயல் மாசம் வருது. புயல் அடிச்சா வெளிய தலை காட்ட முடியாது. அப்போ நீங்கதான் எனக்குச் சோறு" என்று கிழங்குகளைப் பார்த்து யாமா தினமும் சொல்வான். கிழங்கு பதில் பேசாது, பங்கும் கேட்காது. அதனாலேயே அவனுக்குக் கிழங்கை ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் தீவில் வீடுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு, பிள்ளைகளே. வெளி வாசலுக்குக் கதவு கிடையாது. வாசலைத் தாண்டியதும், வீட்டை மறைத்தாற்போல, பவளக்கல்லால் ஒரு குறுக்குச் சுவர் நிற்கும். அதற்கு ஹின்புன் என்று பெயர். கெட்ட ஆவிகளுக்கு நேராக மட்டும்தான் போகத் தெரியுமாம், வளைந்து திரும்பத் தெரியாதாம். சுவரில் முட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடுமாம். எந்த ஆவியும் முட்டி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் சுவர் கட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சாப்பிடுகிறவர் கண்ணும் பாதையில் போகிறவர் கண்ணும் சந்தித்துவிட்டால், சாப்பிடுகிறவர் "வாங்க, தேநீர் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். தேநீர் என்றால் வெறும் தேநீர் இல்லை, தட்டில் இருப்பதும் சேர்த்துத்தான். 'ஒரு தரம் சந்திச்சாச்சுன்னா உடன்பிறப்பு' என்பது அங்கே பழமொழி.

கூப்பிடாதவருக்குத் தண்டனை ஒன்றும் கிடையாது. நடவு நாளில் அவர் வயலுக்கு யாரும் வர மாட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவர் வயலிலும் எல்லோரும் முறைவைத்து இறங்கி வேலை செய்கிற ஊர் அது. தனியாகத் தின்கிறவர் தனியாகவே நட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

யாமாவுக்கு இந்த வழக்கத்தால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அவன் தின்பதைச் சுவர் மறைத்தது. யாராவது வாசலில் நின்று இருமினால், சட்டென்று மெல்லுவதை நிறுத்திவிடுவான். வாய் நிறையக் கிழங்கோடு, கண்கூட இமைக்காமல் உட்கார்ந்திருப்பான். கூப்பிடாமல் சுவரைச் சுற்றி உள்ளே வருவது மரியாதை இல்லை. அதனால் வந்தவர், "ஆள் இல்லை போலிருக்கு" என்று போய்விடுவார். காலடிச் சத்தம் ஓய்ந்ததும் யாமா மறுபடி மெல்லத் தொடங்குவான்.

அவன் வீட்டுக் கூரையில், அந்தத் தீவின் வழக்கப்படி, காவலுக்கு ஒரு மண்சிங்கம் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் விருந்தாளியைப் பார்த்து வாயைத் திறந்தது அது ஒன்றுதான்.

எதிர் மேட்டில் சிரு என்ற வெள்ளாடு குடியிருந்தாள். அவள் தந்திரக்காரி. போன வருஷப் புயலில் அவள் வீட்டுச் சுவர் சரிந்து, கற்கள் கடலுக்கே போய்விட்டன. அன்றிலிருந்து அவள் தின்ன உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

ஒருநாள் சிரு யாமாவின் வாசலில் நின்று இருமினாள். யாமா மெல்லுவதை நிறுத்தினான்.

"யாமா அண்ணே, நீங்க வீட்ல இல்லைன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிட்டுப் போறேன். உங்க கிழங்குக் குவியல் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி தெரியுது."

யாமா வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, சுவரைச் சுற்றி ஓடி வந்தான். "எங்கே? எங்கே கொறைஞ்சது?"

"கொறையலைன்னா எனக்கு நிம்மதி. நான் என்ன நெனச்சேன்னா, இந்தச் சுவருக்குப் பின்னால ஒரு திருடன் ஒளிஞ்சு நின்னா, உள்ள இருந்து உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு கூட்டமே நின்னா?"

யாமா யோசித்தான். "கூட்டமும் தெரியாது."

"இந்தச் சுவரை ஆவிக்காகத்தானே கட்டினீங்க? ஆவி கிழங்கு தின்னுமா அண்ணே?"

"தின்னாது."

"திருடன்?"

யாமாவுக்குப் பகீரென்றது. சிரு, "எனக்கென்ன, உங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க யாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அதன் பின்னால் திருடர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பொழுது சாய்வதற்குள் அங்கே ஓர் ஊரே நின்றது. யாமா நாலடி பின்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு, நேராக ஓடி வந்து முட்டினான். ஆவி முட்ட வேண்டிய இடத்தில் பன்றி முட்டியது. சுவர் விழுந்துவிட்டது. பின்னால் ஒரு திருடனும் இல்லை.

சத்தம் கேட்டுச் சிரு வந்தாள். கையோடு ஒரு வண்டியும் கொண்டுவந்திருந்தாள்.

"அடடா, நல்ல காரியம் பண்ணினீங்க. இந்தக் கல்லு இங்க கெடந்தா கால்ல இடறும். நான் அள்ளிக்கிட்டுப் போயிடறேன்."

"கூலி கேட்பியா?"

"ஐயோ, என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! அண்ணனுக்குச் செய்யறதுக்குக் கூலியா?"

ஒரு வேலை சும்மா முடிந்ததே என்று யாமாவுக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் மதியம் யாமா பாகற்காய்ப் பொரியலும் அவித்த கிழங்குமாகச் சாப்பிட உட்கார்ந்தான். எதிரே வாசல் தெரிந்தது, பாதை தெரிந்தது, தூரத்தில் கடலும் தெரிந்தது. 'இனி எவன் வருவான், பார்த்துவிடலாம்' என்று கிழங்கை எடுத்து வாயருகே கொண்டுபோனான். பாதையில் சிரு போய்க்கொண்டிருந்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன.

அவன் தடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "வாங்க, தேநீர் குடிச்சிட்டுப் போங்க."

முதல் தடவை கூப்பிட்டதும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்வதுதான் நாகரிகம். சிரு, "இவ்வளவு தூரம் சொல்றீங்க, வராம இருக்க முடியுமா?" என்று சொல்லியபடியே வந்து உட்கார்ந்தாள். மல்லிகைத் தேநீர் குடித்தாள். பொரியலைத் தின்றாள். கிழங்கைத் தின்றாள். "உங்க மனசு மாதிரியே தித்திப்பா இருக்கு அண்ணே" என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

அவள் வாயும் சும்மா இருக்கவில்லை. யாமா அண்ணன் வீட்டில் விருந்து பிரமாதம் என்று காடு முழுக்கச் சொன்னாள். அதுவரை குறுக்கு வழியில் போனவர்கள்கூட யாமா வீட்டு வழியாகப் போகத் தொடங்கினார்கள்.

யாமா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தான். தேங்காய் நண்டு கமடு பாதையில் நின்று, "என்னப்பா யாமா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். கமடு கருணை உள்ளவர், நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். "அதெல்லாம் இல்லையே" என்று யாமா திரும்பினான். கண் சந்தித்தது. "வாங்க" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்தான். கிழங்கு என்று நினைத்துத் தேநீர்க் கோப்பையைக் கடித்தான். வலியில் கத்தினபோது கண் திறந்துகொண்டது. எதிரே பறக்கத் தெரியாத குயினாப் பறவை, குஞ்சு குளுவானோடு நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் வீட்டுக் கதவுகளையெல்லாம் இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே தின்றான். அந்த ஊரில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆளாளுக்கு மருந்துக்கென்று ஒரு கொத்துக் கசப்புத் தழையைப் பறித்துக்கொண்டு காடே நலம் விசாரிக்க வந்துவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்களைப் பட்டினியாகவா அனுப்புவது? அன்றைக்கு மட்டும் குவியலில் கால்வாசி போயிற்று. யாமாவிடம் நிறையக் கசப்புத் தழை சேர்ந்தது.

"ஐயோ, என் கிழங்கே! என் புயல்காலத்துச் சோறே!" என்று யாமா வாய்விட்டு அழுதான். கூரை உயரத்துக் குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. சுவர் ஆவியைத் தடுத்ததோ இல்லையோ, விருந்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பாதையிலேயே சிருவை மறித்தான்.

"சிரு, அந்தக் கல்லெல்லாம் எங்கே?"

"பத்திரமா இருக்கு அண்ணே. ஒரு கல்லுகூட வீணாப் போகல. அது இருக்கட்டும், மேகத்தைப் பார்த்தீங்களா?"

யாமா அண்ணாந்து பார்த்தான். மேகம் நன்றாக இல்லை.

அன்று சாயங்காலமே புயல் அடித்தது. நேராக மட்டும் போகத் தெரிந்தது ஆவிகளுக்கு மட்டும் இல்லை, புயல்காற்றுக்கும் அப்படித்தான். அது கடலிலிருந்து கிளம்பி, பாதையில் ஏறி, வாசல் வழியாக நுழைந்து, குறுக்கே ஒன்றும் இல்லாததால் யாமாவின் முற்றத்தை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்த கிழங்கும் போயிற்று. கசப்புத் தழை மட்டும் எப்படியோ அங்கேயே கிடந்தது.

புயல் ஓயும்வரை யாமா கசப்புத் தழையைத் தின்றான். ஓய்ந்ததும் காதடைக்கிற பசியோடு வெளியே வந்தான்.

முதலில் கமடு வீட்டுப் பக்கம் போனான். கமடுவே வெளியே வந்து, "வாப்பா யாமா, வா, வந்து தேநீர் குடி" என்று கூப்பிட்டார். இருந்த சாப்பாட்டில் பாதியைப் பிரித்து வைத்தார். ஒரு நண்டுடைய சாப்பாட்டில் பாதி. யாமா அதை ஒரே நக்கில் முடித்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்தான். பசி அப்படியே இருந்தது.

'சிரு இருக்கிறாளே! என் வீட்டில் அவளைவிட அதிகம் தின்றவர் யார்? அவள் வீட்டுக்கோ சுவர்கூடக் கிடையாது. வாசலில் போய் நின்றாலே என்னைப் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டால் கூப்பிட்டே ஆக வேண்டும்' என்று மேட்டில் ஏறினான். மதிய நேரம். கிழங்கு வேகிற வாசனை வந்தது. யாமாவின் வாயில் எச்சில் ஊறியது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தான். குறுக்கே ஒரு ஹின்புன் நின்றது. புத்தம் புதுசு, ஆனால் கற்கள் ஒவ்வொன்றும் யாமாவுக்குத் தெரிந்த கற்கள். ஒரு கல்லில் அவனுடைய தந்தம் பட்ட தழும்புகூட இருந்தது. உறுதியான சுவர். இண்டு இடுக்கு இல்லை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

சுவருக்குப் பின்னால் யாரோ நிதானமாக மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

யாமா இருமினான்.

மெல்லுகிற சத்தம் சட்டென்று நின்றது.

யாமா காத்திருந்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு அது தெரியும். வாய் நிறையக் கிழங்கோடு, கண்கூட இமைக்காமல் எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தக் காட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

"ஆள் இல்லை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கினான்.

அவன் காலடிச் சத்தம் ஓய்ந்ததும், உள்ளே மறுபடி மெல்லுகிற சத்தம் தொடங்கியது.

நீதி: ஒரு சுவர் எதற்கு நிற்கிறது என்று அதை இடிக்கச் சொல்பவருக்கு நன்றாகத் தெரியும், இடிக்கப் போகிறவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.