எண்பதில் நடுங்கிய கை

செங்கல் சூளை முதலாளி மாசிலாமணி, தன் கார் டிரைவர் இருளப்பனிடம் கத்தினார்: "வேகம் எண்பதைத் தாண்டினா ஸ்டீயரிங்ல உன் கை நடுங்குது. குடிகாரனுக்கு இங்க வேலை இல்லே!"

குடியே அறியாதவன் இருளப்பன். ஆனாலும் பணிவாகச் சொன்னான்: "பைபாஸ் வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்க முதலாளி."

அறுபது வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எண்பதில் ஸ்டீயரிங் உதறியது. முதலாளியின் இரண்டு கைகளும் கிடுகிடுவென ஆடின.

"முதலாளி, நீங்க எப்போ குடிச்சீங்க?"

மாசிலாமணி வண்டியை ஓரங்கட்டினார். இருளப்பன் முன்சக்கரத்தின் உட்புறம் துழாவி, ஒட்டிக் காய்ந்திருந்த களிமண் கட்டியைப் பெயர்த்தெடுத்தான்.

"நம்ம சூளை மண்ணுதான். சக்கரத்துல ஒரு பக்கம் பாரம் கூடினா வேகத்துல உதறும்."

திரும்பும்போது இருளப்பன் தொண்ணூறில் ஓட்டினான். ஸ்டீயரிங் அசையவில்லை. பின்சீட்டில் மாசிலாமணியின் வாயும் அசையவில்லை.