நாற்பது பால்கனித் துணிகள்

தண்ணீர் விளையாட்டுப் பூங்காவை ஒட்டிய ஓட்டல் அது. அங்கே தங்கினால் இலவச இட்லி உண்டு, பேட்டரி வண்டி உண்டு, கூட்டத்துக்கு முன்னால் உள்ளே போகத் தனிக் கேட்டும் உண்டு. புது மேனேஜர் கனகசபாபதி வந்தார், ஒவ்வொன்றாக வெட்டினார். வாடகையை மட்டும் தொடவில்லை. அப்புறமென்ன, வரவேற்பறையில் ஈ ஓட்டினார்கள்.

ஒருநாள் முதலாளி வருவதாகப் போன் வந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அறை கூட்டும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

“நாப்பது ரூம்லயும் ஆள் இருக்கிற மாதிரி காட்டணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீயும் வராதே.”

“ஆகட்டும் சார்.”

தண்ணீரில் ஆடிவிட்டு வருகிற குடும்பம் ஈரத்துணியைப் பால்கனியில்தான் காயப்போடும். காரைவிட்டு இறங்கிய முதலாளி அண்ணாந்து பார்த்தார். நாற்பது பால்கனியிலும் துணி! முகம் மலர்ந்தது. கிட்டே போனதும் சுருங்கியது. அங்கே நின்ற செங்கமலத்தைக் கேட்டார்.

“எல்லாம் ஒரே நீலமா இருக்கே, யார் துணிம்மா?”

“இட்லி அவிச்சவங்க, வண்டி ஓட்டினவங்க, கேட் திறந்தவங்க யூனிபார்ம் ஐயா. சலுகையோட சேர்த்து அவங்களையும் சார் வீட்டுக்கு அனுப்பிட்டார். ஆள் காட்டச் சொன்னார். இருந்த ஆளுங்களைக் காட்டினேன்.”

மறுநாள் அந்த நீலத்துக்கு நடுவே மேனேஜரின் கறுப்புக் கோட்டும் தொங்கியது. எடுத்து உடுத்தத்தான் ஒருத்தரும் திரும்பி வரவில்லை.