வலது நார்

மண்டையோட்டையும் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளையும் பிணைக்கும் நார்களைப் பிரித்தெடுக்க மருத்துவ மாணவன் இசக்கியப்பனுக்கு ஆறு வாரம் பிடித்தது. பல்லைப் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு, அதைப் பின்னாலிருந்து வாராக இறுக்கும் நார், இருபுறமும் மண்டைக்கு ஏறும் இரண்டு குட்டி நார்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

உடற்கூறுத் துறைப் பேராசிரியர் சாராள் குனிந்து பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் இத்தனை சுத்தமான வேலை இந்த மேசைக்கு வந்ததில்லை என்றார். அவர் வாயால் பாராட்டு வருவது அத்தி பூத்த மாதிரி.

"காட்சிக்கூடத்துல வைக்கிறப்போ சீட்டுல என் பேர் இருக்குமா மேடம்? நாளைக்கு அப்பா உப்பளத்துல லீவு சொல்லிட்டு வர்றாரு."

 சாராள் அந்தத் தலையை இரு கையாலும் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இடப்பக்கம் திருப்பினார். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வலது நார் நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

இசக்கியின் முகம் செத்துவிட்டது. போன வாரம் இன்னும் கொஞ்சம் கொழுப்பைச் சுரண்டலாம் என்ற ஆசையில் கத்தி வழுக்கியிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று பசை வைத்து ஒட்டியிருந்தான்.

சாராள் திட்டவில்லை. அவனைக் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று வரிசைக் கண்ணாடி ஜாடிகளில் இருந்ததெல்லாம் அவர் பிரித்தெடுத்தவைதான். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கடைசி ஜாடியில் மட்டும் மை மங்கிய சீட்டு இருந்தது: முக நரம்பை அறுத்தது சாராள்.

"இதுல மட்டும் ஏன் மேடம்?"

"மத்ததெல்லாம் உடம்பைக் கொடுத்தவங்களோடது. இந்த வெட்டு மட்டும்தான் என்னோடது."

ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். இசக்கி பேனாவை வாங்கினான். பிறகு எழுதினான்: வலது நாரை அறுத்தது இசக்கியப்பன். மறைத்து ஒட்டியதும் அவனே.

சாராள் படித்துப் பார்த்தார். அந்தச் சீட்டைத் தன் ஜாடிக்குப் பக்கத்தில், அவன் வேலை வரப்போகும் இடத்தில் தானே ஒட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமை, முதலில் பாராட்டியபோதுகூட இருந்ததில்லை.

இசக்கிக்கு மூச்சு வந்தது. மெதுவாகச் சொன்னான்: "நல்லவேளை மேடம். அப்பாவுக்கு என் பேரை மட்டும்தான் வாசிக்கத் தெரியும்."

"அப்போ மீதியை நீ வாசிச்சுக் காட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்."