லிங்கதுரை வராத முதல் இரண்டு பீரியடுகள்

கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பொறியியல் கல்லூரி. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் மொத்தமே முப்பத்திரண்டு பேர். யாராவது புதுச் செருப்பு போட்டு வந்தால்கூட மதியத்துக்குள் கேன்டீன்வரை சேதி போய்விடும். அந்த வகுப்பின் பிரதிநிதி எஸ்தர்.

அன்று காலை, தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அவள் வகுப்பில் ஒரே ஒரு பெயர்: லிங்கதுரை. வருகை எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும், அவனுக்கு அறுபத்தெட்டு. தக்க காரணம் காட்டினால் துறைத் தலைவர் விலக்கு கொடுக்கலாம். அதற்கும் அன்று மாலை நான்கு மணிதான் கெடு. தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

லிங்கதுரை நன்றாகப் படிக்கிறவன். ஆனால் மூன்று மாதமாக முதல் இரண்டு பீரியடுக்கு அவன் வருவதே இல்லை. கேட்டால், "பஸ்ஸ விட்டுட்டேன்" என்பான். உண்மை எஸ்தருக்கு மட்டும் தெரியும். சர்ச் இளைஞர் குழுவோடு மதுரையில் ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்துக்குப் பாடப் போனவள், அங்கே பார்வையாளர் பெஞ்சில் அவனைப் பார்த்துவிட்டாள். உள்ளே இருந்தது அவன் அப்பா. ஊரில் அவர் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் இருந்த அவர்களுடைய டீக்கடையை அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை; காலை வியாபாரம் முடியும்வரை லிங்கதுரைதான் டீ ஆற்றினான்.

"யார்ட்டயும் சொல்லிராத எஸ்தர். ஊர்ல தெரிஞ்சா, அவர் திரும்பி வந்த அன்னைக்கே நாலு பேர் வம்புக்குன்னு கூப்பிட்டு ஊத்திக் குடுப்பாங்க. இந்தத் தடவை விட்டுருவார்னு எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றான். அவள் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

துறைத் தலைவர் தனுஷ்கோடியோ லிங்கதுரையின் ஊர்க்காரர். ஞாயிறு தவறாமல் ஊருக்குப் போகிறவர்.

மதியம் இரண்டு மணிக்கு, ஒர்க்‌ஷாப் பின்னால் அவனைப் பிடித்தாள் எஸ்தர்.

"லிங்கம், சார்ட்ட மட்டும் சொல்லிருவோம்."

"வேண்டாம். வருஷம் போனாப் போகட்டும்."

"அப்ப நான் போய்ச் சொல்லப் போறேன். உனக்குத் தெரியாமச் செய்ய மனசு வரல. அதான் சொல்லிட்டுப் போறேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்படிச் சொன்னா அதோட நம்ம பழக்கம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நடந்தான். எஸ்தர் ஒரு மணி நேரம் லைப்ரரியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. மூன்றேகாலுக்கு எழுந்து தனுஷ்கோடியின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் மேஜை மேலிருந்த இரண்டு ஆவணங்களைக் காட்டினார்.

ஒன்று, மருத்துவச் சான்றிதழ். லிங்கதுரையோடு எப்போதும் கூடவே திரியும் நண்பன் சாகுல் கொண்டுவந்து கொடுத்தது. மஞ்சள் காமாலை, மூன்று வாரம் படுக்கை என்று தன் மாமாவின் கிளினிக்கில் வாங்கியிருந்தான். கூடவே ஒரு விண்ணப்பம். அதில் லிங்கதுரையின் கையெழுத்தையும் சாகுலே போட்டிருந்தான். இன்னொன்று, முதல் பீரியடு எடுக்கும் வடிவாம்பாள் மேடத்தின் வருகைப் பதிவேடு. நல்ல பையன் வீணாகிறானே என்று, பட்டியல் ஒட்டிய பிறகு பதினெட்டு இடங்களில் 'வரவில்லை'யை 'வந்தான்' ஆக்கியிருந்தார். காரணம் இருவருக்கும் தெரியாது. லிங்கதுரையையும் இருவரும் கேட்கவில்லை.

"பாரும்மா" என்றார் தனுஷ்கோடி. "பிப்ரவரி ஒம்பதாம் தேதி காலைல இவன் சான்றிதழ்ல படுத்துக் கெடக்கான், பதிவேட்டுல பாடம் கேக்கான், நீ சொல்றதுல டீ ஆத்துறான். மூணையும் நான் மேல அனுப்பினா, மோசடின்னு அவனத்தான் கல்லூரிய விட்டே அனுப்புவாங்க."

மற்ற மூவரையும் வரவழைத்தார். சான்றிதழைச் சாகுலிடமே திருப்பிக் கொடுத்தார். மேடத்திடம் பதிவேட்டைப் பழையபடி திருத்தச் சொன்னார். அவர் கண் கலங்கத் திருத்தினார். லிங்கதுரையிடம், "குடும்பச் சூழ்நிலைன்னு மட்டும் எழுதுப்பா. மிச்சம் என்னோட இருக்கும்" என்றார். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விலக்கு கையெழுத்தானது.

லிங்கதுரை தேர்வு எழுதினான், எல்லாவற்றிலும் தேறினான். அவன் அப்பா சித்திரையில் ஊர் திரும்பினார். தனுஷ்கோடி அவர் கடையில் டீ குடித்துவிட்டு, எர்ணாகுளத்தில் மழை எப்படி என்று விசாரித்தார். லிங்கதுரை சாகுலோடு இன்றும் ஒரே தட்டில் சாப்பிடுகிறான். மேடத்தைக் கண்டால் எழுந்து நிற்கிறான். எஸ்தரோடு மட்டும் பேசுவதில்லை.

பொய்ச் சான்றிதழ் கொண்டுவந்த சாகுல், பதிவேட்டைத் திருத்திய வடிவாம்பாள், சத்தியத்தை மீறிய எஸ்தர். மூவரும் அவன் நன்மைக்கே செய்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர் செய்ததே சரி. சாகுலின் காகிதம் மேலிடத்தில் பிடிபட்டிருந்தால் தண்டனை லிங்கதுரைக்கு. மேடத்தின் திருத்தம் தன் வேலையையே பணயம் வைத்ததுதான் என்றாலும், அதுவும் அவனைப் பொய்யில்தான் நிறுத்தியது. எஸ்தர் ஒருத்திதான் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தெரிந்தாக வேண்டிய ஒருவரிடம் மட்டும், உள்ளதைச் சொன்னாள். ஆனால் அந்த ரகசியம் அவளுடையது அல்ல. தனுஷ்கோடி வாய் திறக்காதது அவள் அதிர்ஷ்டம். அதை அவள் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஆகவே லிங்கதுரை அவளோடு பேசாதிருப்பதும் சரியே. இது எஸ்தருக்கும் தெரியும். அதனால்தான் அவள் இதுவரை போய் விளக்கம் சொல்லவில்லை.