மூலை இருக்கைக்கு ஒரு மேசை

சிறுமலைச் சரிவில் உமையாள் அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஆறு பேர், ஒரு சமையலறை, அவ்வளவுதான். சமையலறையின் ஜன்னலோரத்தில் மூன்று சுவர்களையும் ஒட்டி, 'ப' எழுதினாற்போல் சிமென்ட் பெஞ்சு கட்டியிருந்தது. நடுவே பலாப் பலகையில் செய்த அகல மேசை. அதன் கால்களைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ரசப் பாத்திரத்தோடு அது மண்டி போட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன் சிரிக்கவில்லை.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், அவருடைய சீடர். அங்கே யாரும் வயதைப் பார்ப்பதில்லை.

"புது மேசை வாங்கணும்மா. எந்த மாதிரி வாங்கட்டும்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மூலையில யாரு உக்காருவாங்க?"

சிவநேசனின் பார்வை காலி மூலைக்குப் போனது. "பரஞ்சோதிதான். வந்தார்னா."

பரஞ்சோதியும் ஆசிரமத்தில் இருந்தவர்தான், முன்பு தையற்காரர். முப்பது வருஷம் மெஷினில் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. இரண்டு சுவரும் சேரும் மூலையில் சாய்ந்தால்தான் அவரால் உட்கார முடியும். அதோடு சர்க்கரை வேறு. சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு தடவையாவது வெளியே போக வேண்டியிருக்கும்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்பார், தரையைப் பார்த்தபடி.

உடனே சமையல் பார்க்கும் தைலம்மை, "வண்டி வருது, கேட்டைத் திறங்கப்பா!" என்று கூவுவாள். அவளும் பக்கத்தில் இருக்கும் சிவநேசனும் தட்டை இடது கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பார்கள். பரஞ்சோதி திரும்பி வரும்வரை நின்றபடியே சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதையெல்லாம் பேசியது. யார் தட்டிலிருந்தோ அப்பளம் காணாமல் போனதும் அப்போதுதான். பத்து வருஷம் இப்படியே போயிற்று. நல்ல நாட்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

போன ஆடி அமாவாசையன்று ஒரே சாப்பாட்டில் மூன்றாம் தடவையாகப் பரஞ்சோதியின் குரல் கேட்டது. அப்போதுதான் பாயசத்தில் கை வைத்திருந்த சிவநேசன் கத்திவிட்டார்:

"மனுஷன் ஒரு வாய் நிம்மதியாத் திங்க வேணாமா? உங்களுக்குத் தனியா ஒரு மேசை போட்டாத்தான் சரிப்படும்!"

மறுநாள் பரஞ்சோதி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம் மணப்பாறையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சொன்ன சொல் சிவநேசனை அரித்துக்கொண்டே இருந்தது. பரஞ்சோதி திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான்.

"அந்த மூலையில உக்காந்து பாத்தீங்களாய்யா?" என்றார் அம்மா.

"எதுக்கும்மா? டேப் இருக்கே."

அம்மா கீரைக்குத் திரும்பினார்.

சிவநேசன் டேப்பை வைத்து நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்தார். திண்டுக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கி, ஒடுக்கமான மேசை ஒன்றை வாங்கி வந்தார். நடுவில் ஒரே கால். முழங்கால் இடிக்காது. மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே தாராளமாக இடம். யாரும் எழுந்திருக்காமலே மூலையில் இருப்பவர் வெளியே வந்துவிடலாம். அன்றே கடிதம் எழுதினார்: 'புது மேசை போட்டாயிற்று. இனி யாருக்கும் சிரமம் இல்லை. வந்துவிடுங்கள்.'

பரஞ்சோதி வந்தார். சிவநேசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதியில் பரஞ்சோதி நழுவி வெளியே போனார். நழுவி உள்ளே வந்தார். யாரும் தலை நிமிரவில்லை. சிவநேசன் பெருமையோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பரஞ்சோதி பையைக் கட்டிவிட்டார்.

"ஏன்? மேசை சரியில்லையா?"

"அய்யய்யோ, ரொம்ப சௌகரியமா இருக்கு. நான் வர்றது போறது யாருக்குமே தெரியலை." பரஞ்சோதி சிரிக்கப் பார்த்தார். "சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

சிவநேசன் அம்மாவிடம் ஓடினார். "இதுக்கு மேல நான் என்ன மேசைம்மா வாங்குறது?"

அம்மா புது மேசையைக் கூடத்தில் போடச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி கட்டி மிச்சமான ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, அதன்மேல் பழைய பலாப் பலகையை வைக்கச் சொன்னார். பரஞ்சோதி கூடத்துக்கு வந்த மேசையின்மேல் பையை வைத்துவிட்டுக் கடைசிச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார்.

"இன்னிக்கு நீங்க மூலையில உக்காருங்க," என்றார் அம்மா சிவநேசனிடம். பரஞ்சோதிக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்து வெளி ஓரத்தில் உட்காரவைத்தார். தைலம்மை நடுவில்.

சாம்பார் முடிந்தது. "ஐயா, மோர்ச்சட்டி அடுப்பு மேடையிலயே இருக்கு. எடுத்துட்டு வாங்க," என்றார் அம்மா.

சிவநேசன் எழப் பார்த்தார். ஒரு பக்கம் சுவர். முன்னால் பலகை. பக்கத்தில் இரண்டு பேர், இருவரும் சாப்பாட்டில். பத்து வருஷத்தில் அந்த மூலையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய சோறும் தெரிந்தது. கேட்க வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது. இதைக் கேட்கத்தானே பரஞ்சோதி தினம் இரண்டு தடவை வாய் திறந்தார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பரஞ்சோதி... கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

பரஞ்சோதியின் கை தட்டிலேயே நின்றது. அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தட்டோடு எழுந்தார்.

"வண்டி வருது," என்றாள் தைலம்மை. இந்தத் தடவை கூவவில்லை. "கேட்டைத் திறங்கப்பா."

சிவநேசன் மோர்ச்சட்டியோடு திரும்பி வந்தபோது இருவரும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டில் இருந்த அப்பளத்தைக் காணவில்லை. பரஞ்சோதியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"உக்காருங்க பரஞ்சோதி, முதுகு வலிக்கும்."

"நீங்க முதல்ல உள்ள போங்க. நான் அப்புறம் உக்காருறேன்."

சிவநேசன் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தார். பிறகு கேட்டார்:

"அம்மா, அந்தப் புது மேசையை என்னம்மா பண்றது?"

"முதல்ல அது மேல இருக்குற பையை எடுத்து உள்ள வைங்க," என்றார் அம்மா. "அப்புறம் காய் நறுக்கப் போட்டுக்கலாம்."