தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கிரீச்… கிரீச்… கிரீச்…

சேவல் கூவுமுன் இந்தச் சத்தம்தான் கேட்கும். முன்னொரு காலத்தில் செம்மணற்கோட்டைச் சீமையை ஆண்டுவந்த ராஜகம்பீரன் என்ற அரசன், கண்ணைத் திறக்காமலே முனகுவான்: "ஆரம்பிச்சுட்டாரய்யா பெரியவர்!"

கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கிணறு. அதன் ராட்டினம்தான் அப்படி அலறும். தண்ணீர் இறைப்பவர் எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. காய்ச்சல் என்று வந்தால் நெற்றியில் விபூதி இடுவார். கையோடு அரபியில் ஓதி ஊதியும் விடுவார். காய்ச்சல் இறங்கிவிடும். காணிக்கையாகத் தவிட்டைத் தவிர எதையும் தொடமாட்டார். அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். வழியில் போகும் வண்டிமாடுகள் வயிறாரக் குடிக்கும். இந்துக்களுக்கு அவர் தவிட்டுச்சாமி, முஸ்லிம்களுக்குத் தவிட்டு பாவா. எப்படிக் கூப்பிட்டாலும் "என்னப்பா?" என்று திரும்புவார்.

சத்தம் பொறுக்காமல் அரசன் ஒருமுறை ராட்டினத்துக்கென்று ஒரு குடம் எண்ணெய் அனுப்பினான். பெரியவர் அத்தனையையும் மாடுகளின் கழுத்துப்புண்ணில் தடவித் தீர்த்துவிட்டார்.

அரசனுக்கு யோசனை வருவதும் தும்மல் வருவதும் ஒன்று, முன்னறிவிப்பே கிடையாது. ஒருநாள் சபையில் எழுந்து நின்றான். "பெரியவருக்குக் கல்லிலே ஒரு கட்டடம் எழுப்பப்போகிறேன்!"

"ஏழு நிலைக் கோபுரம் வைக்கலாம், பிரபு!" என்றார் அவைப் பண்டிதர் மார்க்கசகாயம்.

"பாவா இருக்குமிடத்தில் மினாரா இல்லாமலா, ஹுஸூர்?" என்றார் குதிரைப்படைத் தலைவர் சிக்கந்தர் ராவுத்தர்.

கோபுரம், மினாரா, கோபுரம், மினாரா. அரசன் காதைப் பொத்திக்கொண்டான். இதற்கு அந்த ராட்டினமே தேவலை.

பண்டிதருக்கோ வெகுநாளாக முதன்மந்திரியான பிரதானி கூத்தபிரானின் முத்திரை மோதிரத்தின்மேல் ஒரு கண். "பிரபு, நம் பிரதானிக்குத் தெரியாதது உண்டா? பெரியவர் எந்தப் பக்கத்து ஆள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும். அதுவரை கிணற்றுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பி, அவரவர் பக்கம் அவரவர் நின்றால் சச்சரவு இராது."

பந்தயம் என்றால் அரசனுக்குச் சர்க்கரைப் பொங்கல். "பலே! அப்படியே ஆகட்டும்!"

கொத்தனார்கள் கிணற்றின் குறுக்கே சுவருக்கு நூல் பிடித்தார்கள். பெரியவர் நூலைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டி வைத்தார். "வெள்ளிக்கிழமை மாடுகளைக் கும்பிட்டுட்டுக் கிளம்புறேன். சுவர் வச்ச கிணத்துல எனக்கு இறைக்கத் தெரியாதுப்பா."

மறுநாள் காலையில் சத்தமே இல்லை. அரசன் புரண்டு புரண்டு படுத்தான். விடிந்ததா இல்லையா என்றே விளங்கவில்லை. எழுந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. வெளியே மாடுகள் வெறுந்தொட்டியை நக்கிக் கத்திக்கொண்டிருந்தன. போய்விடுவாரோ? 'நீயே வாய்விட்டுச் சொன்ன உத்தரவு, இனி எப்படி மாற்றுவாய்?' என்று தன்னையே கடிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை. "என்ன பிரதானியாரே, கண்டுபிடித்தீரா?"

"நான் எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும், பிரபு? அப்பா எந்தப் பக்கம் என்று மகனைக் கேட்டால் தெரிந்துவிடும்."

"மகனா?"

"ஒரே மகன். இதே ஊரில்தான் இருக்கிறான்."

பண்டிதர் துள்ளிக் குதித்தார். "அப்பன் தள்ளாத வயதில் தண்ணீர் இறைக்க, மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தூங்குகிறானா அந்தத் தறுதலை? கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவிட வேண்டும், பிரபு!"

"அப்படியே செய்வோம்!" என்றான் அரசன். "யாரவன்?"

கூத்தபிரான் அரசனின் தாயாரை அழைத்துவரச் சொன்னார். "தாயே, இவருடைய பிறந்தநாள்தோறும் கிணற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறீர்களே, ஏனென்று முன்பொருநாள் என்னிடம் சொன்னதைச் சபையிலும் சொல்லுங்கள்."

ராஜமாதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு பிள்ளை தங்கலை. நாலாவது இவன், பாலே குடிக்கலை. நம்ம பிள்ளையா இருந்தாத்தானே எமன் வருவான்னு, பெரியவர்கிட்ட ஒரு முறம் தவிட்டுக்கு வித்துட்டேன். 'என் பிள்ளைதான், நீ வச்சு வளர்த்துக் குடும்மா'ன்னு திருப்பிக் கையிலே குடுத்தார். அன்னிக்கே பால் குடிச்சான். வளர்ந்ததும் தவிட்டைக் கொடுத்து மீட்கணும். கல்யாணம், பட்டாபிஷேகம்னு… ஐயோ, மறந்தே போச்சு ராசா!"

பண்டிதர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"மீட்காதவரை நீங்கள் அவர் பிள்ளை," என்றார் கூத்தபிரான். "சொல்லுங்கள் பிரபு, உங்கள் தகப்பனார் எந்தப் பக்கம்?"

அரசன் பண்டிதரைப் பார்த்தான், ராவுத்தரைப் பார்த்தான். அப்புறம் தாயைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"நூலை அறுங்கள்! மோதிரம் உம்முடையதுதான், பிரதானியாரே. இந்தக் கங்கணத்தையும் வைத்துக்கொள்ளும். பண்டிதரே, கழுதை எங்கே? சொன்ன சொல் தவறலாமா? ஏறப்போவது தவிட்டு மூட்டை, ஓட்டப்போவது நீர். வெள்ளிக்கிழமைதோறும்! ராவுத்தரே, நீர் பின்னாலிருந்து மூட்டையைப் பிடித்துக்கொள்ளும்."

கிணற்றடியில் பெரியவர் தன் துணிமூட்டையைக் கட்டித் தோளில் போட்டிருந்தார். அரசன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றான். "சுவர் இல்லை. கட்டடமும் இல்லை. அம்மா தவிடு கொண்டுவந்திருக்கிறார். ஆனால் என்னை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்."

"தவிடு மாட்டுக்கு ஆகும், வச்சிட்டுப் போகட்டும்," என்றார் பெரியவர், மூட்டையை இறக்கியபடி. "உன்னை யாருப்பா திருப்பிக் குடுத்தா?"

அரசன் தயங்கினான். "அந்த ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள். சத்தம் இல்லாவிட்டால் எழவே முடியவில்லை."

"அதுக்குத்தான் இத்தனை வருஷமாப் போடலை," என்றார் அவர். "பிள்ளை எழும்பணுமே."

கயிற்றைப் பிரித்து, வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.

கிரீச்… கிரீச்…