வயிற்றெரிச்சலைப் படைத்தவர்

மருதவாணர் என்கிற சிவனடியார் ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜன் சுமந்தவர். புகை பொங்கும் கேனை வண்டியில் தள்ளிவந்து பெரிய இயந்திரத்தின் வெளிக்கூட்டில் ஊற்றுவார். உள்ளே ஹீலியம் என்கிற வாயு ஓடும். அதைத் திரவமாக்கிவிட்டால் அதைவிடக் குளிர்ந்த திரவம் கிடையாது என்பார்கள். குழாயில் படியும் வெண்பனியைத் தொட்டு நெற்றியில் இட்டு, "சிவசிவ" என்றபிறகுதான் அவருக்கு அடுத்த கேன்.

"என்ன சாமி, பைப்புல திருநீறு வழியுதா? நமக்கும் ஒரு சிட்டிகை குடுங்க" என்பான் எத்திராஜ். வால்வு திருகும் ஆபரேட்டர். கோயில் பக்கமே போகாதவன். கேலி அடியாரைச் சுடவில்லை. அந்த வால்வுதான் சுட்டது. தலை நரைக்கும்வரை சுமந்தும் அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை.

ஒரு சித்திரையில் அங்கே முதன்முதலாக ஹீலியம் திரவமாகிக் கலத்தில் இறங்கியது. இயக்குநர் எத்திராஜுக்கு மாலை போட்டார். அடியாரும் கைதட்டினார், வயிறு மட்டும் பற்றி எரிந்தது. உன் பேரைச் சொல்லாதவனுக்கு மாலை, சொல்லுகிற எனக்குக் கேனா என்று சிவனையே மனத்துக்குள் ஏசினார்.

பொழுது சாய, எத்திராஜ் சாப்பிடக் கிளம்பினான். "ஹீலியம் கலத்து மூடியப் பாத்துக்குங்க சாமி. தொறந்து கெடந்தா வெளிக்காத்து உள்ள போயி, கழுத்துல கல்லா உறைஞ்சு அடைச்சிரும். அப்புறம் வெடிதான்."

அடைத்தால் பழி ஆபரேட்டர் எத்திராஜ் தலையில். அடியாரின் கை மூடியைக் கழற்றி வைத்துவிட்டது. கால்கள் எதிரே இருந்த நீலகண்டர் கோயிலுக்கு நடந்துவிட்டன.

சந்நிதியில் ஐந்தெழுத்து நாவில் ஏறவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"அய்யா, பூ கொண்டாரல. அவனப் பாத்தா வயிறு எரியுது, அதத்தான் கொண்டாந்திருக்கேன். ஆலகாலத்தையே தொண்டையில வச்சிருக்கியே, இதையும் வாங்கிக்க!"

சொல்லி முடித்தவர் திரும்பி ஓடினார். கலத்தின் கழுத்தில் வெள்ளைக்கல் இறுகியிருந்தது. வெந்நீரில் சுடவைத்த செப்புக் கம்பியை நுழைத்துக் குடைந்தார். அடைபட்ட வாயு சீறிக்கொண்டு வெளியேறியது, கலம் பிழைத்தது. அவரது உள்ளங்கைத் தோல் குளிரில் வெந்து உரிந்தது.

எத்திராஜ் வாசலில் நின்றான். "யார் தொறந்தது?"

"நான்தான் தம்பி. உம்மேல பொறாமை."

"அடப்பாவி மனுஷா, செத்திருப்பேனேய்யா!"

அன்றே வேலை போயிற்று. நியாயம்தான் என்று சொல்லி, குழாயைக் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

விடிந்ததும் கோயில் குருக்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார். "ஓய், ராத்திரி சொப்பனத்துல ஈஸ்வரன் வந்தார். எல்லாரும் நல்லதா பாத்துப் பாத்துத் தரா, மருதவாணன் ஒருத்தன்தான் தன் விஷத்தைத் தந்தான், என் அபிஷேகத்துக்கு அவனே ஜலம் எடுக்கட்டும்னார். நான் பால்யத்துலேர்ந்து அவரைத் தொட்டுப் பூஜை பண்றேன். என் சொப்பனத்துல வந்தும் உம்மைப் பத்தித்தான் பேசறார்! வயித்தெரிச்சலா இருக்கு."

மருதவாணர் கட்டுப்போட்ட கையைக் கூப்பினார். "அதையும் அவர்கிட்டயே குடுத்துடுங்க சாமி. வாங்கிக்குவார்."

ஒளிக்காமல் கொடுத்த அந்த அடியாரின் திருவடியை நாமும் நினைப்போம்.